அந்தப் படத்தில் ஆறு பிழை

அந்த மனுசனிடம் எதையும் காட்டக்கூடாது. காட்டினால் பிழை பிடிப்பார். பிழை இல்லாத பொருள் என்று ஒன்றை அவர் கையில் நான் கண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோவிலின் நிலக்கீழ் மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுப்பார்கள். மற்றவர்கள் ரோல்ஸை வாயில் வைப்பார்கள். அவர் அதை ட்யூப் லைற்றுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்.

"இந்த மூலை பொரியேல்லை."

பொரித்த அக்கா பக்கத்திலேயே நிற்பாள். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, அது வயித்துக்கை போறது. கண்காட்சிக்குப் போறதில்லை."

"வயித்துக்கை போறதெண்டாத்தான் பிள்ளை வடிவாப் பாக்கோணும்."

சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு அந்த ரோல்ஸை முழுதாகச் சாப்பிட்டு முடித்தார். அதுதான் அவருடைய குணம். பிழையைச் சொல்லாமல் ஒன்றையும் விழுங்கமாட்டார். முகத்துக்கு நேரே எல்லோரும் அண்ணை என்றோம். முதுகுக்குப் பின்னால் சோதினை அண்ணை.

மொன்ட்ரியாலில், சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. ஊசி மருந்து நிரப்பிய சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வரும். முன்னால் பாதி கறுப்பு, பாதி வெள்ளைப் பலகை, மேலே வெளிச்சம். குப்பியைக் கறுப்புக்கு முன்னால் ஒருதரம் சுழற்றிப் பார்க்க வேண்டும், வெள்ளைக்கு முன்னால் ஒருதரம். தூசி, தும்பு, கீறல், வெடிப்பு, எது இருந்தாலும் கழிக்க வேண்டும். பதினெட்டு வருடம் இதே வேலை. எட்டு மணித்தியாலம் கழித்துவிட்டு வீட்டுக்கு வருகிற ஆள் வேறு எப்படி இருப்பான் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை.

அடுத்த தெருவில் ஒரு சாமான் கிடங்கில் எனக்கு வேலை. இரண்டு குளிர்காலம் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பெற்றோல் காசு வாங்கவில்லை. ஆனால் நான் கதவைச் சாத்துகிற விதம் பிழை, பெல்ற் போடுகிற விதம் பிழை, சப்பாத்திலிருந்து பனியைத் தட்டுகிற விதம் பிழை.

"பிழை எண்டது தேடினா அம்பிடாது, தம்பி. கண்ணை வச்சுக்கொண்டு சும்மா இருக்கோணும். அது தானா வந்து முன்னாலை நிக்கும்."

ஒரு நன்மையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். மகளுக்கு ஒருமுறை கடும் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். தாதி அந்தக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தபோது எனக்கு அவருடைய முகம்தான் வந்தது. இப்படி ஒரு பிடிவாதக்காரன் எங்கேயோ இருந்து பார்த்துத்தான் இது என் பிள்ளையின் கைக்கு வந்திருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கு அவரில் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கடைக்குப் போய்ப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கமாட்டோம். முதலில் விசயம் தெரிந்த ஆளைக் கேட்போம். கார் வாங்க ஒருவர், வீடு வாங்க ஒருவர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தெரிவு செய்ய ஒருவர். அந்த ஆள் தலையாட்டாமல் தண்ணி கொதிக்கவைக்கிற ஒரு கேத்திலும் வாங்கமாட்டோம். சொந்தக் கண்ணில் நம்பிக்கை இல்லாத சனம் நாங்கள். கமராவுக்கு அவர்தான் ஆள். கழுத்தில் எப்போதும் ஒரு கறுப்புக் கமரா தொங்கும். பெருநாள், முதல் நன்மை, ஒளிவிழா எல்லாவற்றிலும் நிற்பார். ஆயிரம் தடவை பொத்தானை அமத்துவார். ஆனால் அந்தப் படங்களை யாரும் கண்டதில்லை.

மொன்ட்ரியால்-நோரில் அவருடைய வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். சுவரில் நாலு படங்கள் இருந்தன. நாலே நாலு. பிள்ளைகள் இரண்டு பேரும் நேராக நின்று கமராவைப் பார்க்கிறார்கள். தலைமயிர் ஒவ்வொன்றாகத் தெரியும். சிரிப்பு இல்லை.

"மற்றதெல்லாம் எங்கை அண்ணை?"

"கழிச்சுப்போட்டன்."

அவருடைய மனைவி குசினி வாசலில் நின்று சொன்னாள்: "பிள்ளையள் எண்டாலும் பாஸ் பண்ணிப்போட்டுதுகள், தம்பி. நான் இன்னும் பாஸாகேல்லை. இருபத்தாறு வருசமாச் சோதினை எடுக்கிறன்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "கண்ணை மூடுவா, அதுதான்," என்றார். அதைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

எனக்கு ஏன் புதுக் கமரா தேவைப்பட்டது என்று சொல்கிறேன். மகளுக்கு அப்போது ஆறு வயது. நிற்க மாட்டாள். வீட்டுக்குள் ஓட்டம், பார்க்கில் ஓட்டம், பள்ளிக்கூடத்து உள்விளையாட்டு மண்டபத்தில் பந்தோடு ஓட்டம். என்னிடம் இருந்தது பொக்கற்றில் போடுகிற சின்னக் கமரா. பொத்தானை அமத்தினால் யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். அது யோசித்து முடிக்கும்போது பிள்ளை மண்டபத்தின் மற்ற மூலையில் நிற்கும். படத்தில் ஒரு புகை இருக்கும், புகைக்குக் கீழே சப்பாத்து. அதைவிட, வருடத்தில் ஒருமுறை ஒக்ரோபரில் நாலைந்து குடும்பமாக வடக்கே மலைப்பக்கம் இலை பார்க்கப் போவோம். அதையும் கொஞ்சம் நல்லாக எடுக்க ஆசை. இவ்வளவுதான். ஓடுகிற பிள்ளைக்கும், எப்போதாவது ஒரு மலைக்கும் ஒரு கமரா.

அந்த வருடம் யூலையில் எங்கள் பங்கின் விளையாட்டுப் போட்டி மொன்ட்ரியால்-நோரில் ஒரு பார்க்கில் நடந்தது. கடைசிக்கு முதல் போட்டி அம்மாமார் ஓட்டம். என் மனைவி மன்னாரில் படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடப் போட்டியில் தன் இல்லத்துக்காக ஓடினவள். கலியாணத்துக்குப் பிறகு ஓடியதில்லை. இங்கே ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை, நாள் முழுக்க நடை. "எனக்கு ஏலாது, நாரி நோகுது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவளை மகள்தான் இழுத்துக்கொண்டுபோய்க் கோட்டில் விட்டாள்.

விசில் அடித்தார்கள். பத்தடி போக அவளுடைய செருப்பு வார் அறுந்தது. நிற்பாள் என்று நினைத்தேன். குனிந்து அந்தச் செருப்பைக் கையில் பொறுக்கிக்கொண்டு ஓடினாள். அப்படி ஒரு ஓட்டம். எனக்குத் தெரியாத ஒரு பெண் ஓடினாள். முழு மைதானமும் கத்தியது. இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவள் சப்பாத்துப் போட்டிருந்தவள் என்பதை இன்றைக்கும் விடாமல் சொல்லுவாள். மகள் கயிற்றுக்குக் கீழால் பூந்து அவளைப் பிடிக்க ஓடினாள். அந்த நேரத்தில் நான் ஒருதரம் அமத்தினேன். ஒரு படம்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சென்ட் மிஷேலில் இரண்டாம் மாடி, வெளியால் இரும்புப் படி. ஏறி வந்து முதலில் சொன்னது, "மூண்டாம் படி ஆடுது." கதிரையில் இருந்ததும் கேட்டார்:

"என்ன கமரா வேணும் உமக்கு?"

"அதைத்தான் அண்ணை நீங்கள் சொல்லோணும்."

"நான் எப்பிடிச் சொல்லுறது? நீர் எடுத்த படங்கள் சொல்லும். கொண்டு வாரும்."

மெமரி கார்ட்டைக் கழற்றி லப்டொப்பில் போட்டேன். ஒரு வருடத்துப் படங்கள், நானூறுக்கு மேல். வேறெங்கும் நான் அவற்றை ஏற்றி வைக்கவில்லை. கார்ட்தான் பெட்டி, கார்ட்தான் அல்பம் என்று இருந்தவன் நான்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் படத்திலிருந்து தொடங்கினார். ஒவ்வொன்றையும் முழு அளவுக்குப் பெருப்பித்தார். முதலில் கண், பிறகு மூலைகள். ஒரு படத்துக்குப் பத்து விநாடி. குப்பி பார்க்கிற அதே பார்வை.

"இது வெளிச்சம் காணாது. கழிச்சு விடும்."

நான் அழித்தேன்.

"இது ஃபோகஸ் சுவரிலை கிடக்கு. பிள்ளையிலை இல்லை. கழிச்சு விடும்."

அழித்தேன்.

"இதிலை ஆர்? காது மட்டும் தெரியுது."

"மகள்தான் அண்ணை. கேக் வெட்டேக்கை."

"காதை வச்சு என்ன செய்யப் போறீர்? கழிச்சு விடும்."

அழித்தேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவர் விரலால் காட்டினார், பொத்தானை அமத்தியது நான். ஒரு இடத்திலும் ஏன் என்று கேட்கவில்லை. பிழையானவற்றை வேறாக எடுத்து வைத்தாலே போதும், அழிக்கத் தேவையில்லை. ஒரு சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விசயம். விசயம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்ததால் எனக்கு அது தெரியாமல் போனது. அழிய அழிய ஒரு சந்தோசமும் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். வீடு கூட்டித் துப்புரவாக்குகிற மாதிரி.

இலை பார்க்கப் போன படங்கள் வந்தன. குளம், மலை, சிவப்பு மரங்கள்.

"இது பாஸ்," என்றார்.

அடுத்ததும் பாஸ். அதற்கு அடுத்ததும்.

"பாத்தீரே? மலை ஓடாது. இந்தச் சின்னக் கமராவே மலைக்குக் காணும். உம்மடை குடும்பம்தான் ஓடுது. ஓடுறதுக்கு வாங்கும். முகத்தைப் பிடிச்சா விடாத கமராவாப் பாரும், இருட்டு மண்டபத்திலையும் கெதியா எடுக்கிற லென்ஸ் ஒண்டு எடும். மலைக்கெண்டு ஒரு சதமும் சிலவழியாதையும். அது எதிலை எடுத்தாலும் பொறுத்துக்கொண்டு நிக்கும்."

புத்தி சொன்னால் சரியான புத்திதான். அதில் பிழையே இல்லை. அதுதான் எனக்குக் கூடின வயிற்றெரிச்சல்.

அம்மாமார் ஓட்டத்துப் படம் வந்தபோது என் மனைவி தேத்தண்ணியோடு வந்து நின்றாள். அவர் அந்தப் படத்தைக் கனநேரம் பார்த்தார். மற்றவற்றைவிடக் கூட நேரம். பெருப்பித்தார், நகர்த்தினார், மூலைக்கு மூலை போனார்.

"அசைஞ்சு போச்சு. கழிச்சு விடும்."

"அதை விடுங்கோவன் அண்ணை," என்றாள் மனைவி. "ஆசைக்குக் கிடக்கட்டும்."

"தங்கச்சி, புதுக் கமரா வரட்டும். பேந்து ஒருக்கா ஓடுங்கோ. கண்மடலிலை எத்தினை மயிர் எண்டு எண்ணிற மாதிரி எடுத்துத் தருவார்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டு தட்டத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அவள் போன பிறகு அவர் என்னைப் பார்த்தார். நான் அமத்தினேன்.

கடைசியில் பதினொரு படம் மிஞ்சியது. ஒன்பது மரமும் குளமும். இரண்டு, மகள் சுவரில் சாய்ந்து கடவுச்சீட்டுக்கு நிற்பதுபோல் நிற்கிறாள். அந்தப் பதினொன்றையும் லப்டொப்பில் ஏற்றச் சொன்னார். "கார்ட்டைப் புதுக் கமராவிலை போட்டு ஃபோர்மற் பண்ணும். துப்புரவாத் தொடங்கும்," என்றார். அதையும் செய்தேன். கார்ட்டில் அழித்தது லப்டொப்பின் குப்பைத்தொட்டிக்குள் போய் இருக்காது என்பது எனக்குத் தெரியாது. அதற்கு மேல் புதுப் படங்களை ஏற்றினால் தோண்டியும் எடுக்க முடியாது என்பதும் தெரியாது. எல்லாம் பிறகுதான் தெரிந்தது. ஒரு கடைக்காரப் பெடியன் கார்ட்டைப் பார்த்துவிட்டு ஏலாது என்று தலையாட்டியபோது.

புதுக் கமராவோடு அந்த ஒக்ரோபரில் மலைக்குப் போனோம். அவரும் வந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று மலையை எடுத்துக்கொண்டிருந்தேன், பாஸ் வாங்குவதற்காக. மகள் ஓடிவந்து, "அம்மா பின்னுக்கு இருந்திட்டா," என்றாள். மனைவி பாதையோரத்தில் ஒரு கல்லில் குந்தியிருந்து வலது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "விறைச்சுப் போச்சு, வேறை ஒண்டுமில்லை," என்றாள்.

விறைப்புப் போகவில்லை. தை மாதம் மெட்ரோப் படியில் விழுந்தாள். நரம்பு வருத்தம் என்றார்கள். அடுத்த யூலைப் போட்டிக்கு மரத்துக்குக் கீழே மடக்குக் கதிரையில் இருந்தாள். அதற்கு அடுத்த யூலைக்கு நாலு கால் தடி. பிறகு சக்கரக் கதிரை. புதுக் கமரா சொன்னபடி வேலை செய்தது. ஆயிரக்கணக்கில் எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாம் அவள் கதிரையில் இருக்கிற படங்கள். ஒன்றுகூட அசையவில்லை. கண்மடல் மயிர் எண்ணலாம்.

மகள் வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் நானூறு மீற்றர் ஓடத் தொடங்கினாள். பதினாலு வயதில் ஒருநாள் பயிற்சிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். தாய் சொன்னாள்:

"நான் உன்னைவிடக் கெதியா ஓடினனான்."

"வ்ரெமோன்?" என்றாள் மகள். அவளுக்குப் பிரெஞ்சுதான் முதலில் வரும். மெய்யாகவோ என்று கேட்கிறாள். கேட்டுவிட்டுச் சக்கரக் கதிரையைப் பார்த்தாள். கூடாத பிள்ளை இல்லை. அவளுக்குத் தாய் நடந்ததே மங்கலாகத்தான் ஞாபகம்.

"அம்மா சும்மா சொல்லுறா, என்னப்பா?"

"செருப்பைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடினனான். படம் கிடக்கு. அப்பாட்டைக் கேள், காட்டுவார்."

மனைவி அந்தப் படம் இருக்கிறதென்றே எட்டு வருடம் நினைத்து இருந்திருக்கிறாள். அன்றைக்கு விடுங்கோவன் என்று சொல்லிவிட்டுப் போனவள், நான் விட்டிருப்பேன் என்று நம்பிப் போயிருக்கிறாள்.

"தேடிப் பாக்கிறன்," என்றேன். பச்சைப் பொய்.

அடுத்த நாள் கார்ட்டைக் கடைக்குக் கொண்டுபோனேன், பெடியன் தலையாட்டியது அப்போதுதான். நேரே அவருடைய வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவருடைய மனைவி. அவர் யன்னலுக்குப் பக்கத்தில் கமரா இல்லாமல் இருந்தார். தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை கண் சோதிப்பார்களாம். இரண்டு வருடத்துக்கு முன் அதில் விழுத்திவிட்டார்கள். அவரைக் குப்பியிலிருந்து எடுத்துப் பெட்டி ஒட்டுகிற இடத்தில் விட்டிருக்கிறார்கள். ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். இரங்குகிற நிலையில் நான் இருக்கவில்லை.

"அண்ணை, எட்டு வருசத்துக்கு முந்தி என்ரை மனிசி ஓடின படம் ஒண்டைக் கழிக்கச் சொன்னீங்கள். ஞாபகம் இருக்கோ?"

"ஓம். அம்மாமார் ஓட்டம். அதிலை ஆறு பிழை."

தடுமாறவில்லை. யோசிக்கவும் இல்லை. நேற்றுப் பார்த்ததுபோல் விரலை மடக்கத் தொடங்கினார்.

"ஒண்டு, ஷட்டர் வேகம் காணாது. வலது கால் நிலத்திலை படேல்லை, அந்தரத்திலை நிக்குது. ஒரு கால் ரெண்டு கால் மாதிரித் தெரியுது. ரெண்டு, செருப்பு. இடது கையிலை பிடிச்சிருக்கிறா, வார் தொங்குது, அதைப் படத்தின்ரை விளிம்பு பாதியிலை வெட்டுது. மூண்டு, வாய் ஆவெண்டு திறந்திருக்கு, கண் ரெண்டும் மூடி. சிரிக்கிறாவோ கத்துறாவோ ஆருக்குத் தெரியும். நாலு, தோளிலை போட்ட மஞ்சள் சோல் பறந்து வந்து கழுத்தை மறைக்குது. அஞ்சு, வலப்பக்க மூலையிலை ஒரு சின்னக் கை. உம்மடை பிள்ளையின்ரை. நாலு விரல் தெரியுது, ஆள் இல்லை."

சோல் எனக்கு ஞாபகமே இல்லை. கண் மூடியிருந்ததும் ஞாபகமில்லை. படம் எடுத்த நான் அந்தப் படத்தைப் பார்க்கவேயில்லை. அவர் பார்த்திருக்கிறார். பத்து விநாடியோ இருபது விநாடியோ, என் மனைவியை ஒரு ஆளும் பார்க்காத மாதிரிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுக் கழி என்றிருக்கிறார்.

"இவ்வளவையும் கண்டனீங்கள்! கண்டுபோட்டே கழிக்கச் சொன்னீங்கள்? அவள் இப்ப எழும்பி நிக்கவும் ஏலாமல் கிடக்கிறாள், தெரியுமோ? வேறை படம் இல்லை! அந்த ஒண்டுதான்!"

கத்தினேன். வாயில் வந்த எல்லாம் சொன்னேன். இங்கே எழுத முடியாத சொல்லும் சொன்னேன். அவர் நிறுத்தவில்லை. மற்றக் கையைத் தூக்கி ஒரு விரலை மடக்கினார். வாய் அசைந்தது. ஏதோ சொல்லி முடித்தார்.

நான் மூச்சு வாங்கியபோது, "கத்தாதையும் தம்பி," என்றார். "ஃபோகஸ் இல்லைத்தானே."

எழும்பி வந்துவிட்டேன். வாசலில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்தாள்.

"உமக்கு ஒரு படம்தானே தம்பி போனது."

நான் கையை உதறிக்கொண்டு இறங்கினேன். அதற்கும் இன்றைக்கு வெட்கப்படுகிறேன்.

வீட்டில் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அழவில்லை. "அதிலை என்னென்ன இருந்ததாம்?" என்று கேட்டாள். ஆறு பிழை என்றார் என்று தொடங்கி, ஐந்தையும் சொன்னேன்.

"மஞ்சள் இல்லை, கடுகு நிறம்," என்றாள். பிறகு, "ஆறாவது?"

"எனக்குக் கேக்கேல்லை."

"போய்க் கேட்டுக்கொண்டு வாங்கோ."

"அந்த மனுசன்ரை வாசலுக்கு இனி நான் போகமாட்டன்."

"ஓடினது நான். அழிச்சது நீங்கள். அவரோடை என்ன கோபம்?"

"அப்ப நீயே ஃபோன் எடுத்துக் கேள்."

"நான் கேட்டா, வருத்தக்காரி எண்டு இரங்கி ஏதும் நல்லதாச் சொல்லிப்போடுவார். எனக்கு அது வேண்டாம். பிழைதான் வேணும். உங்களுக்கெண்டால்தான் உள்ளபடி சொல்லுவார்."

நான் போகவில்லை. நத்தாருக்குப் போகிறேன் என்றேன். புதுவருடத்துக்கு என்றேன். அவள் இரண்டு தரம் கேட்டாள், மூன்றாம் தரம் கேட்கவில்லை. கோவிலில் அவர் முன்வாங்கில் இருந்தால் நான் பின்வாங்கில் இருந்தேன். மண்டபத்தில் ஒருநாள் ரோல்ஸை லைற்றுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் சரியாகத் தெரியாது, ஆனாலும் பிடித்தார். கிட்டப் போய் ஒரு சொல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். என்னைக் கண்டுவிட்டு "தம்பி" என்று கூப்பிட்டதுபோலும் இருந்தது. நான் மேற்சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

தவக்காலத்தில் ஒரு காலை பங்கின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நித்திரையில் போய்விட்டாராம்.

செத்தவீட்டுக்குப் போனேன். பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தது தொழிற்சாலை அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்தது. நேரே பார்க்கிறார். தலைமயிர் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. நல்ல ஃபோகஸ். அவருடைய மனைவியிடம் போய், "அக்கா, அந்தப் படத்தைப் பற்றி உங்களுக்கு ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டேன். பெட்டிக்கு முன்னால் நின்று அதைத்தான் கேட்டேன்.

"அவர் கண்டதுகளை ஆர் தம்பி கேட்டு வச்சது," என்றாள்.

மகளுக்கு இப்போது பதினைந்து. போன கிழமை அவளை இருத்தி, படம் அழிந்ததையும் அவர் அதில் ஆறு பிழை கண்டதையும் தாய்க்கு முன்னால் வைத்தே சொன்னேன். அந்தரத்தில் வலது கால். இடது கையில் வார் அறுந்த செருப்பு. மூடின கண், திறந்த வாய். கடுகு நிறச் சோல். மூலையில் ஒரு சின்னக் கை, அது உன்ரை கை. அவள் ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்ரை எந்தக் கை?"

அவர் அதைச் சொல்லவில்லை. அல்லது அதுதான் ஆறாவதோ, தெரியாது.

"ஆறு எண்டுதானே சொன்னீங்கள் அப்பா? இது அஞ்சு."

மனைவி என்னைப் பார்த்தாள். யன்னல் பக்கம் திரும்பினாள்.

ஆறாவதை அவர் சொன்னார். சொல்லும்போது நான் கத்திக்கொண்டிருந்தேன்.